பஷ்தோ கற்க வேண்டும்: உருது தெரிந்தால் போதுமா, எந்த ஊர்ப் பேச்சில் தொடங்குவது?

கிடங்குக்காரன் (கேள்வி)

வணக்கம். ஷார்ஜாவில் சரக்குக் கிடங்கு வேலை. லாரி ஓட்டுநர்களில் பெரும்பாலோர் பட்டாணியர்கள். பெஷாவர், ஸ்வாத், வஜீரிஸ்தான் ஆட்கள், இரண்டு பேர் காந்தஹார். என்னோடு உருதுவில்தான் பேசுவார்கள். எனக்கும் உருது சுமாராக வரும், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஆனால் அவர்களுக்குள் பேச ஆரம்பித்தால் ஒரு சொல் பிடிபடுவதில்லை.

பஷ்தோ என்பது உருதுவின் வழக்கா, பாரசீகத்தின் கிளையா? ஒருவர் "பஷ்தோ" என்கிறார், இன்னொருவர் "பஃக்தோ" என்கிறார், இரண்டும் ஒன்றுதானா? எந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம்? தமிழ் பேசி வளர்ந்தவனுக்கு எங்கே இடிக்கும்? பேச்சுதான் முக்கியம், வாட்ஸப் படிக்கும் அளவுக்கு எழுத்தும் வந்தால் நல்லது.

கணவாய்

உருதுவும் இல்லை, பாரசீகமும் இல்லை. உருது இந்திய-ஆரியக் கிளை. பஷ்தோ ஈரானியக் கிளை, அதிலும் கிழக்குப் பிரிவு. பாரசீகமும் ஆப்கானிஸ்தானின் தாரியும் மேற்குப் பிரிவு. ஆகவே தாரி இதற்கு ஒன்றுவிட்ட உறவு, உருது அதையும் தாண்டிய தூரத்து உறவு. உருது தெரிந்தவருக்குக் காதில் விழுவது கிதாப், வக்த், துக்கான் மாதிரி அரபு-பாரசீகக் கடன் சொற்கள் மட்டும்தான். வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் முழுக்க வேறு: ப்லார் (அப்பா), மோர் (அம்மா), லூர் (மகள்), கோர் (வீடு), ஓப (தண்ணீர்), ஷ்ப (இரவு). பாரசீகத்தில் இலக்கணப் பால் இல்லை, ட, ண போன்ற நாமடி ஒலிகளும் இல்லை. பஷ்தோவில் இரண்டும் உண்டு.

பேசுவோர் எங்கே என்றால், ஆப்கானிஸ்தானின் தெற்கும் கிழக்கும், பாகிஸ்தானில் கைபர் பக்தூன்க்வாவும் வட பலூசிஸ்தானும் (குவெட்டா, பிஷின், ஜோப்). 1893-இல் போட்ட டியூரண்ட் கோடு, அதாவது இன்றைய ஆப்கான்-பாகிஸ்தான் எல்லை, இந்த நிலத்தின் நடுவே போகிறது. ஆப்கானிஸ்தானில் 1979-க்குப் பிறகு முழுமையான கணக்கெடுப்பு நடக்கவில்லை, அதனால் மொத்த எண்ணிக்கை மதிப்பீடுதான்: 4 முதல் 6 கோடி வரை சொல்வார்கள். பாகிஸ்தானின் 2017 கணக்கெடுப்பில் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 18.24 சதவீதம், பஞ்சாபிக்கு அடுத்த இடம். கராச்சியிலும் பெரிய மக்கள்தொகை உண்டு.

ஒரு எச்சரிக்கை. கைபர் பக்தூன்க்வா ஆள் என்றாலே பஷ்தோ என்று முடிவு கட்டாதீர்கள். அப்பட்டாபாத், ஹரிப்பூர் பக்கம் ஹிந்த்கோ, சித்ராலில் கோவார், பெஷாவர் பழைய நகரத்திலேயே ஹிந்த்கோ பேசும் குடும்பங்கள் உண்டு. அதேபோல இந்தியாவில் பெயரில் "கான்" இருப்பவர்கள், உத்தரப் பிரதேசத்து ரோகில்லாக்களாகட்டும், வேலூர், ஆற்காட்டுக் குடும்பங்களாகட்டும், பேசுவது உருது அல்லது தக்னி (தென்னாட்டு உருது).

பஷ்தோ, பஃக்தோ இரண்டும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கோவை. நடுவில் வரும் எழுத்து உருதுவின் சீன் எழுத்துதான், மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. காந்தஹாரில் அதை நாக்கை மடித்து ஷ என்பார்கள். பெஷாவர், மர்தான், ஸ்வாத், ஜலாலாபாத் பக்கம் தொண்டை உரசும் ஃக. (இந்த இழையில் ஃக என்றால் "கான்" என்பதை அவர்கள் சொல்லும் முதல் ஒலி, ஃஜ என்றால் ஆங்கில "ஜீரோ"வின் முதல் ஒலி.)

ஆளின் ஊர்ப்பக்கம் தெரிய இதுபோல நாலு எழுத்தைக் கவனித்தால் போதும். "நல்லது" காந்தஹாரில் ஷ, பெஷாவரில் ஃக. "ஆறு" காந்தஹாரில் ஷ்பழ், பெஷாவரில் ஷ்பக் (கடைசி ஒலி "தங்கம்" என்பதில் வரும் மெல்லிய க). அந்த ழ நம்முடையதேதான் என்று சொல்ல மாட்டேன், ழகரத்தைக் காற்று உரசச் சொன்னால் கிட்டத்தட்ட வரும். "எப்படி" அங்கே த்ஸங்க, இங்கே சங்க. "ஐந்து" அங்கே பிந்த்ஃஜ, இங்கே பின்ஃஜ.

வஜீரிஸ்தான் ஆட்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே மெய் மட்டுமல்ல, உயிரே இடம் மாறும்: ஆ ஓவாகும், ஓ ஏயாகும், ஊ ஈயாகும். ப்லார் அங்கே ப்லோர், மோர் அங்கே மேர், லூர் அங்கே லீர். பழகாத பெஷாவர்க்காரருக்கே அது சிரமம்.

உங்கள் கிடங்குக்கு யூசுப்ஃஜய் பேச்சு, அதாவது மர்தான், ஸ்வாத், பெஷாவர் வழக்குதான் சரி. வளைகுடாவில் அதிகம் காதில் விழுவதும் பாகிஸ்தான் தொலைக்காட்சிகளில் அதிகம் வருவதும் அதுவே.

நாமடி

ஒலி பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தமிழர்களுக்கு லாபமும் நஷ்டமும் அங்கேதான்.

லாபம்: ட, ண இரண்டும் பிறவியிலேயே நம் வாயில் இருக்கின்றன. மண (ஆப்பிள்) என்பதில் உள்ள ண ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களைப் படாதபாடு படுத்தும், நமக்குப் பிரச்சினையே இல்லை. சடய் (ஆண், ஆள்) என்பதில் வரும் ஒலி "படம்" என்பதில் நாம் சொல்லும் ட-வை ஒட்டியதுதான், நாக்கைச் சட்டென்று தட்டி எடுக்க வேண்டும். உருது, இந்தி மாதிரி க-வோடு ஹ சேர்க்கும் மூச்சொலி வரிசையும் பஷ்தோவில் இல்லை. இன்னொன்று, ஃப, தொண்டை அடியிலிருந்து வரும் காஃப் இரண்டும் கடன் சொற்களில் மட்டும் உண்டு. சாதாரணப் பேச்சில் அவை ப, க ஆகிவிடும். நம் ஊர்ப் "பேன்" காற்று அங்கேயும் வீசும்.

நஷ்டம்: வல்லினத்தின் இரண்டு உச்சரிப்பையும் நாம் ஒரே எழுத்தில் எழுதுகிறோம். பஷ்தோவில் அது பொருளையே மாற்றும். தயவுசெய்து தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். "கோர்" என்பதை "காது" மாதிரி வன்மையாகச் சொன்னால் வீடு. "கோபி" என்ற பெயரில் வருவது போல மெலிதாகச் சொன்னால் கல்லறை. "உன் வீடு எங்கே" என்று விசாரிக்கப் போய் வேறு எதையோ விசாரித்த மாதிரி ஆகும். "த" என்பதும் அப்படித்தான்: வன்மையாக "நீ", மென்மையாக வேற்றுமை உருபு. "தா" வன்மையாக "உன்னை", மென்மையாக "இது". முதல் நாளிலிருந்தே அவர்களுடைய எழுத்தில் எழுதிப் பழகினால் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்த இடி மெய்ம்மயக்கம். ஸ்பீன் (வெள்ளை), ஷ்ப, ஃக்பல் (தன்னுடைய), ஃஜ்மரய் (சிங்கம்), மூன்று மெய் சேரும் சொற்கள்கூட உண்டு. நம் நாக்கு தானாக முன்னால் ஓர் இகரமோ இடையில் ஓர் உகரமோ நுழைக்கும்: இஸ்பீன், ஷுப. பஷ்தோவில் ஒவ்வோர் உயிரும் ஓர் அசை, நுழைத்தால் சொல்லே அடையாளம் தெரியாது. பயிற்சிக்கு முதல் மெய்யை மட்டும் இழுத்துச் சொல்லுங்கள், "ஸ்ஸ்ஸ்", பிறகு நேராக "பீன்". இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

மங்கலான அ ஒன்று உண்டு. "அது" என்பதின் கடைசி உகரத்துக்கும் அகரத்துக்கும் நடுவில் நிற்கும். "நான்" என்னும் ஃஜ, "நீ" என்னும் த எல்லாம் அந்த உயிரோடு முடிபவை. அதை முழு அகரமாகச் சொன்னால் பெண்பால் விகுதி போலக் கேட்கும்.

அழுத்தமும் முக்கியம். ப்ரேவத்தம் (விழுதல் வினை) என்பதில் முதல் அசையில் அழுத்தினால் "விழுந்தேன்", பின்னால் உள்ள அசையில் அழுத்தினால் "விழுந்துகொண்டிருந்தேன்". எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

வினைமுற்று

இலக்கணத்தில் வாக்கிய வரிசை நமக்குச் சாதகம்: எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. பெயரடையும் பெயருக்கு முன்னால்தான். பாரசீகம் மாதிரி பின்னால் ஒட்டாது.

பால்தான் முதல் தலைவலி. நமக்கு உயிரற்றதெல்லாம் "அது". அங்கே ஒவ்வொன்றும் ஆண் அல்லது பெண். மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், முழு அகரத்தில் முடிந்தால் பெண்பால். விலக்குகளை முதலிலேயே குறித்துவையுங்கள்: லார் (சாலை) மெய்யில் முடிந்தும் பெண்பால், வ்ரஃஜ் (நாள்), மியாஷ்த் (மாதம்) இரண்டும் அப்படியே. ஓப (தண்ணீர்) எப்போதும் பெண்பால் பன்மை. "தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது" என்பதற்கு ஓப யஃகெ தி. கடைசிச் சொல் பன்மை வினை.

இரண்டாவது, இறந்தகாலம். நிகழ்காலத்தில் "ஃஜ சடய் வீனம்", நான் ஆளைப் பார்க்கிறேன், வினை "நான்"-உடன் இசைகிறது. இறந்தகாலத்தில் எல்லாம் தலைகீழ்:

மா சடய் வலீத் (ஆளைப் பார்த்தேன்)
மா ஃகஃஜ வலீத (பெண்ணைப் பார்த்தேன்)
மா சடீ வலீதல் (ஆட்களைப் பார்த்தேன்)

பார்த்தது நான்தான், ஆனால் வினை பார்க்கப்பட்டவரோடு இசைகிறது. "நான்" ஃஜ-விலிருந்து மா ஆகிவிட்டது. இது செயப்படுபொருள் குன்றா வினைக்கு மட்டும். "போனேன், வந்தேன்" எல்லாம் வழக்கம்போல எழுவாயோடு. உருதுவில் "நே" போட்டுப் பேசுகிறவருக்குக் கொள்கை புரியும். ஆனால் உருதுவில் "கோ" போட்டுத் தப்பிக்கலாம், இங்கே தப்பிக்க வழியில்லை.

வீனம், வலீத் இரண்டும் ஒரே வினை என்பதைக் கவனித்தீர்களா? நிகழ்கால அடி வேறு, இறந்தகால அடி வேறு. அகராதியில் ஒரு வினையைப் பார்த்தால் இரண்டு அடியையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள "வ" செயல் முடிந்ததைக் காட்டுவது. எதிர்காலத்துக்கு "ப" (மென்மையாக, "பஸ்" மாதிரி), அது வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் உட்காரும்: ஃஜ ப சபா ராஃஜம், நான் நாளை வருவேன். "என்" என்பதன் குறுவடிவம் மெ-யும் அப்படித்தான், வாக்கியத்தை அதில் தொடங்க முடியாது: கிதாப் மெ, என் புத்தகம்.

உருபு சில நேரம் பெயரின் இரு பக்கமும் நிற்கும்: ப கோர் கெ, வீட்டில். ப முன்னால், கெ பின்னால். வேகப் பேச்சில் ப காணாமல் போகும், கெ நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி திசை முன்னொட்டு. ராக்கவி "எனக்குக் கொடுக்கிறான்", தர்க்கவி "உனக்குக் கொடுக்கிறான்", வர்க்கவி "அவனுக்குக் கொடுக்கிறான்". ரா தன்மை, தர் முன்னிலை, வர் படர்க்கை. வருவது போவதற்கும் இதே மூன்றுதான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு, செல்லலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று ஒரு வரையறை வருமே, அதைப் படித்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். அவர்கள் இரண்டுக்குப் பதில் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் இன்றைய பேச்சில் அது தளர்ந்துவிட்டது, அவர்களிடம் கறாராக இருக்கிறது. வர் என்பதற்கு ரா போட்டால் சரக்கு தப்பான ஆளிடம் போகும்.

கிடங்குக்காரன்

மிக்க நன்றி. வணக்கம் சொல்வதிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன். அவர்கள் பார்த்ததும் மூச்சுவிடாமல் ஏதோ நீளமாகக் கேட்டுக்கொள்கிறார்களே, அது என்ன? எவ்வளவு காலம் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள்.

ஹுஜ்ராவாசி

அது நலம் விசாரிப்பு. ஸலாமுக்குப் பிறகு "ஜோட் யெ? ஃக யெ? தக்ட யெ?" நலமா, நன்றாக இருக்கிறாயா, திடமா என்று மூன்றும் ஒரே மூச்சில். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்லத் தேவையில்லை, இருவரும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வேலை செய்துகொண்டிருப்பவரையோ பயணம் முடித்து வருபவரையோ கண்டால் "ஸ்தடய் ம ஷெ", களைத்துப்போகாதே. பதில் "ஃக்வார் ம ஷெ", நலிந்துபோகாதே. பெண்ணுக்கு ஸ்தடெ, பலருக்கு ஸ்தடீ ம ஷய். நீண்ட தூரம் ஓட்டி வந்த ஓட்டுநரிடம் ஸலாமைத் தொடர்ந்து இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரம் பஷ்தோதான் கேட்பீர்கள்.

நன்றிக்கு மனன. காந்தஹார்க்காரரிடம் "கோர் தெ வதான்", உன் வீடு செழிக்கட்டும். விடைபெற "த ஃகுதாய் ப அமான்".

அழைப்பு முறை நம்முடையது போலத்தான், பெயருக்குப் பதில் உறவு. வயதானவர் காக்கா, அண்ணன் வயதினர் லாலா, ஒத்த வயதினரை "வ்ரோரா" (சகோதரா). மரியாதைக்குப் பன்மை தாஸோ, வினையும் பன்மையில். குடும்பத்தை விசாரிக்கலாம், ஆனால் மனைவி, சகோதரி என்று குறிப்பிட்டோ பெயர் சொல்லியோ கேட்காதீர்கள். "கோர் கெ டோல் ஜோட் தி?", வீட்டில் எல்லோரும் நலமா, அதற்குள் எல்லாம் அடங்கும்.

கிடங்குக்கு: வ்ரோ வ்ரோ (மெதுவாக), ஃஜர் ஃஜர் (சீக்கிரம்), பாம் கவ (கவனம்), ட்ரூந்த் அல்ல த்ரூந்த் (கனமானது, முதல் ஒலி மெல்லிய த), தஷ் (காலி), டக் (நிறைந்தது, முதல் ஒலி மெல்லிய ட).

காலம் பற்றி: அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கழகம் ஆங்கிலம் பேசுவோருக்குப் பஷ்தோவுக்குச் சுமார் 1100 வகுப்பு மணி என்று வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தமிழும் அதே பட்டியலில்தான். உங்களுக்கு உருது எழுத்தும் நாமடியும் கையில் இருப்பதால் பேச்சளவுக்கு அவ்வளவு ஆகாது.

காதுப் பயிற்சிக்கு லண்டய் கேளுங்கள், பெஷாவர் பக்கம் டப்பா என்பார்கள். பெரும்பாலும் பெண்கள் கட்டிய நாட்டுப்பாடல், இரண்டே அடி. முதலடி 9 அசை, இரண்டாமடி 13, முடிவு "ன" அல்லது "ம". அசை எண்ணிக்கை நிலையானது என்பதால் எந்த இடத்தில் மெய்களைச் சேர்த்து விழுங்குகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பிடிக்கலாம். செய்திக்கு பிபிசி பஷ்தோ. ரஹ்மான் பாபா, குஷால் கான் கட்டக் எல்லாம் 17-ஆம் நூற்றாண்டு நடை, இப்போது கைவைக்க வேண்டாம். நம்மவர்கள் எல்லை காந்தி என்று அறிந்த கான் அப்துல் கபார் கானை அவர்கள் பாச்சா கான் என்பார்கள். அவர் 1928-இல் "பக்தூன்" என்று பஷ்தோ இதழே நடத்தியவர். அந்தப் பெயரை எடுத்தால் சிலர் உருகுவார்கள், சிலர் அரசியல் வாதத்தில் இறங்குவார்கள், ஆள் பார்த்துப் பேசுங்கள்.

ஐந்து யே

கணவாய் சொன்னதில் ஒரு திருத்தம். பேச்சுக்கு யூசுப்ஃஜய் சரி. எழுத்துக்கு அதை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பெஷாவர் வாயில் த்ஃஜ எழுத்தும் ஃஜ எழுத்தும் ஒன்றாகிவிட்டன, ழ எழுத்தும் மெல்லிய க எழுத்தும் ஒன்றாகிவிட்டன. அதனால் அங்கே படித்தவர்களே எழுத்துப்பிழை விடுவார்கள். காந்தஹாரில் நான்கும் தனித்தனி. எழுத்துக்கூட்டும்போது உங்கள் காந்தஹார் ஓட்டுநர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் சரியான எழுத்து கிடைக்கும்.

பஷ்தோ எழுத்துகளை 44 அல்லது 45 என்பார்கள், எண்ணும் முறையைப் பொறுத்தது. உருது ட வரிசையில் தலைமேல் சின்ன "தோய்" இருக்கும். பஷ்தோவில் அதற்குப் பதில் எழுத்தோடு ஒட்டிய சிறு வளையம், ட, ண இரண்டுக்கும் அதே உத்தி. ஹே எழுத்தின் மேல் மூன்று புள்ளி வைத்தால் த்ஸ, ஹம்ஸா என்ற சிறு குறி வைத்தால் த்ஃஜ.

யே (ய, ஈ ஒலிகளுக்கான எழுத்து) ஐந்து வகை, இதை மட்டும் ஒரு வாரம் எழுதிப் பழகுங்கள். கீழே இரண்டு புள்ளி பக்கத்தில் பக்கத்தில்: ஈ. புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்று: ஏ. புள்ளியே இல்லை: அய், ஆண்பால் விகுதி. வால் வைத்தது: மங்கலான அய், பெண்பால் விகுதி. ஹம்ஸா வைத்தது: முன்னிலைப் பன்மை வினையில் மட்டும். ஸ்பய் என்றால் ஆண் நாய், ஸ்பீ நாய்கள், வால் யே போட்டால் பெண் நாய். மூன்றிலும் மற்ற எழுத்துகள் ஒன்றே. பாகிஸ்தான் பக்கம் சொல்லின் கடைசி அய்-க்கு உருதுவின் பெரிய யே-யையும் கலந்து எழுதுவார்கள், குழம்ப வேண்டாம்.

வாட்ஸப்பில் நீங்கள் பார்க்கப்போவது மூன்று வகை: சரியான பஷ்தோ எழுத்து, உருது விசைப்பலகையில் தட்டிய பஷ்தோ, ஆங்கில எழுத்தில் பஷ்தோ. பாகிஸ்தானில் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் என்பதால் பின்னிரண்டுதான் அதிகம். ஆங்கில எழுத்தில் வருவதற்கு விதி கிடையாது, சத்தமாக வாசித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் தட்டும்போது போன் விசைப்பலகையின் மொழிப் பட்டியலில் பஷ்தோவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உருது விசைப்பலகையில் அடித்தால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், ஆனால் யூனிகோடில் வேறு: சடய் என்பதில் வரும் எழுத்து பஷ்தோவில் 0693, உருதுவின் தோய் வைத்தது 0691. அகராதியில் 0691 போட்டுத் தேடினால் "சொல் இல்லை" என்று வரும், சொல் இருக்கும். க-வுக்கும் இதே கதை, பஷ்தோ மெல்லிய க-வில் மேல்கோட்டுக்குப் பதில் வளையம். லிங்டாக்ஸ் அகராதி தேடலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், வினையின் இரண்டு அடிகளையும் திரிபு அட்டவணையோடு காட்டும். வினைமுற்று சொன்ன வேலைக்கு அது உதவும். எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தால் எழுத்துரு உருதுவுக்கு மட்டும் செய்தது என்று பொருள், நஸ்க் பாணி (அரபு அச்சில் வழக்கமான பாணி) எழுத்துரு ஒன்றுக்கு மாற்றினால் சரியாகும்.